அமெரிக்கா மேற்கே விரிந்த கதை: நூலகத்தில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாறு பேசுவோம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா மேற்கே பரவியதைப் பற்றி நான் மூன்று முறை பேசியிருக்கிறேன். மூன்று முறையும் கிட்டத்தட்ட அதே சந்தேகங்கள்தான் வந்தன. எழுதிவைத்தால் அடுத்த முறை தொண்டை மிச்சம் என்று இதைத் தொகுத்தேன். நான் வரலாற்று ஆசிரியன் இல்லை, நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன். அதனால் எதைப் படித்தாலும் "இந்த நிலம் யார் பேரில் இருந்தது, எப்படிப் பெயர் மாறியது" என்றுதான் புத்தி போகும். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன்.

அமெரிக்கா ஆரம்பத்திலிருந்தே இவ்வளவு பெரிய நாடுதானே சார்?

இல்லை. 1783இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை உறுதியானபோது அதன் மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறு. 1803இல் பிரான்சிடம் லூயிசியானாவை வாங்கினார்கள். 1845இல் டெக்சஸ் சேர்ந்தது. 1846இல் பிரிட்டனோடு பேசி ஓரிகன் பகுதியைப் பிரித்துக்கொண்டார்கள். 1848இல் மெக்சிகோவைத் தோற்கடித்து கலிஃபோர்னியா உள்ளிட்ட பெரும் பரப்பை எடுத்தார்கள். ஆற்றங்கரையில் தொடங்கி பசிபிக் கடற்கரைக்குப் போய்ச்சேர 65 வருஷம்தான் ஆயிற்று. மக்கள்தொகையும் 1800இல் இருந்த 53 லட்சத்திலிருந்து 1900இல் 7.6 கோடியாகிவிட்டது.

"மேற்கு" என்ற சொல்லும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1800இல் ஒஹாயோவே மேற்குதான். ஐம்பது வருஷம் கழித்து அங்கே பிறந்தவன் கலிஃபோர்னியாவுக்குப் போவதைத்தான் மேற்கே போவது என்றான்.

"செவ்விந்தியர்" என்று சொல்லலாமா, கூடாதா?

கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்த என் தலைமுறைக்கு அந்தச் சொல் வாயிலேயே இருக்கிறது. தோல் நிறத்தை வைத்து மற்றவர்கள் சூட்டிய பெயர் அது. இப்போது தவிர்ப்பது நல்லது. பொதுவாகச் சொல்ல வேண்டுமென்றால் பூர்வகுடிகள் என்று சொல்லலாம். அதைவிடச் சரியானது செரோக்கி, லகோட்டா, நவாஹோ என்று அந்தந்த மக்களின் பெயரைச் சொல்வது. மொழி வேறு, வாழ்க்கை வேறு, சண்டைகளும் வேறு. ஒரே பெயரில் அடைத்தால் பின்னால் வருகிற பாதிக் கேள்விகளுக்குப் பதிலே புரியாது.

லூயிசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள் என்கிறார்கள். அங்கே இருந்த ஜனங்களையும் சேர்த்தா வாங்கினார்கள்?

கேட்டவர் எட்டாம் வகுப்புப் பையன். நல்ல கேள்வி. நெப்போலியனுக்குச் சண்டைக்குப் பணம் வேண்டியிருந்தது. ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த பிறகு அமெரிக்கக் கண்டத்தில் பேரரசு கட்டும் ஆசையும் போய்விட்டது. அதனால் விற்றார். சுமார் 8,28,000 சதுர மைல். ஏக்கருக்கு ஏறத்தாழ 3 சென்ட். (காசு சென்ட். நம் ஊர் நிலக்கணக்குச் சென்ட் இல்லை.)

ஆனால் அந்தப் பரப்பில் பெரும்பகுதியில் பிரான்சு கால் வைத்ததுகூட இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் ஓசேஜ், பானி, மாண்டான், லகோட்டா போன்ற மக்கள். அமெரிக்கா வாங்கியது நிலத்தை இல்லை, "மற்ற ஐரோப்பியர்கள் இங்கே வரமாட்டார்கள், பூர்வகுடிகளிடம் வாங்கும் உரிமை எங்களுக்கு மட்டும்" என்ற உரிமையை. நிலத்தை அப்புறம் ஒப்பந்தம் ஒப்பந்தமாக, சில இடங்களில் போர் செய்து, தனியாக எடுக்க வேண்டியிருந்தது.

பூர்வகுடிகளிடம் பத்திரம் இல்லை, அதனால்தானே நிலம் போயிற்று?

எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள்: காகிதம் இருந்தால் நிலம் பத்திரம். அமெரிக்காவில் கதை வேறு. 1823இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், பூர்வகுடிகளுக்கு நிலத்தில் குடியிருக்கும் உரிமை மட்டுமே உண்டு, மேல் உரிமை "கண்டுபிடித்த" நாட்டிடமிருந்து அமெரிக்காவுக்கு வந்துவிட்டது என்றது. நம் பாஷையில் சொன்னால், அனுபவ பாத்தியதை உண்டு, பட்டா கிடையாது.

அதே சமயம் காகிதம் இல்லாமலும் இல்லை. 1778 முதல் 1871 வரை சுமார் 370 ஒப்பந்தங்கள் செனட்டின் ஒப்புதலோடு நிறைவேறின. வெளிநாடுகளோடு போடுகிற ஒப்பந்தத்துக்கு உள்ள அதே சட்டத் தகுதி இவற்றுக்கும் உண்டு. பத்திரத்தை எழுதிக்கொடுத்தவனே கிழித்துப் போட்டான், அதுதான் நடந்தது.

"கண்ணீர்ப் பாதை" என்றால் என்ன? நாகரிகமாக மாறியிருந்தால் விட்டிருப்பார்களோ?

இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிக்குச் செரோக்கிகளே பதில். ஜார்ஜியாவிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த அவர்கள் பண்ணை வைத்திருந்தார்கள், எழுத்துவடிவில் அரசியலமைப்புச் சட்டம் வைத்திருந்தார்கள். 1821 வாக்கில் செக்வோயா என்பவர் அவர்கள் மொழிக்கு ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். நம் உயிர்மெய் போல ஓர் அசைக்கு ஓர் எழுத்து, மொத்தம் 85 சொச்சம். 1828இல் இரு மொழிச் செய்தித்தாளே வந்தது. அந்தச் சமயத்தில்தான் அவர்கள் மண்ணில் தங்கம் கிடைத்தது. 1830இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் வெளியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

செரோக்கிகள் நீதிமன்றம் போனார்கள். 1832இல் ஜெயித்தார்கள். ஜார்ஜியா மாநிலச் சட்டம் அவர்கள் மண்ணில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜார்ஜியா, அந்த நிலத்தை அளந்து 160 ஏக்கர் துண்டுகளாகவும், தங்கம் இருந்த இடங்களில் 40 ஏக்கர் துண்டுகளாகவும் போட்டு வெள்ளையர்களுக்குக் குலுக்கல் முறையில் கொடுத்தது. ஆட்கள் இன்னும் வீட்டுக்குள் இருக்கும்போதே வெளியே கல் நட்டிருக்கிறான் ஒரு சர்வேயர். என் தொழிலில் இதைவிடக் கேவலமான வேலை எனக்குத் தெரியாது.

1835இல் செரோக்கித் தலைவர் ஜான் ராஸின் சம்மதம் இல்லாமல், நிலத்தைக் கொடுத்துவிட்டு மேற்கே போவதாக ஓர் ஒப்பந்தத்தில் ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் எதிர்த்து மனுக் கொடுத்தும், செனட்டில் தேவைக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகமாகப் பெற்று அது நிறைவேறியது. 1838இல் ராணுவம் வந்து வீடுவீடாக இழுத்து முகாமில் அடைத்தது. சுமார் 16,000 பேர் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பயணம்தான் கண்ணீர்ப் பாதை. முகாமிலும் வழியிலுமாக ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவான கணக்கு. சாக்டா, கிரீக், சிக்கசா, செமினோல் மக்களுக்கும் இதே கதி. சாக்டாக்களைப் பற்றி ஒரு விஷயம்: தாங்கள் துரத்தப்பட்டுப் பதினாறே வருஷத்தில், 1847இல், அயர்லாந்துப் பஞ்சத்துக்கு 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அயர்லாந்துக்காரர்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

கடவுளே மேற்கே போகச் சொன்னதாக அவர்கள் நம்பினார்களாமே, உண்மையா?

1845இல் ஜான் ஓ'சல்லிவன் என்ற பத்திரிகையாளர் பிரபலமாக்கிய சொல் "மேனிஃபெஸ்ட் டெஸ்டினி". கண்டம் முழுக்கப் பரவுவது தங்கள் தலையெழுத்து, அந்த எழுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது என்பது பொருள். நம்பியவர்கள் நிறைய. நம்பாதவர்களும் இருந்தார்கள். மெக்சிகோ போரை எதிர்த்துப் பேசியவர்களில் ஆபிரகாம் லிங்கன் என்ற இளம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரும் ஒருவர். "எங்கள் மண்ணில் எங்கள் ரத்தம் சிந்தப்பட்டது என்கிறீர்களே, அது எந்த இடம் என்று காட்டுங்கள்" என்பதுதான் அவர் அதிபரிடம் கேட்டதன் சாரம். அளவைக்காரன் கேட்கிற கேள்வி! (இளமையில் அவரும் சர்வேயர்தான்.)

டெக்சஸ், கலிஃபோர்னியாவில் இருக்கும் மெக்சிகோக்காரர்கள் எல்லாம் எல்லை தாண்டி வந்தவர்கள்தானே?

பலர் பிற்காலத்தில் வந்தவர்கள். ஆனால் ஒரு பெரிய கூட்டத்தை எல்லைதான் தாண்டிப் போனது, அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். டெக்சஸில் முதலில் குடியேறிகளாக வந்தவர்கள் அமெரிக்கர்கள், அதுவும் மெக்சிகோவின் அனுமதியோடு, அடிமைகளைக் கூட்டிக்கொண்டு. 1829இல் மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்தது மனஸ்தாபத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 1836இல் டெக்சஸ் பிரிந்தது. 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. 1846இல் எல்லை எந்த ஆறு என்ற தகராறில் போர் மூண்டது.

1848 பிப்ரவரி 2 அன்று குவாடலூப்பே இடால்கோ ஒப்பந்தம். டெக்சஸையும் சேர்த்தால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்குமேல் இழந்தது, கிடைத்தது 1.5 கோடி டாலர். அங்கிருந்தவர்களின் சொத்து மதிக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் பழைய நில மானியங்களுக்கு உறுதி தந்த பத்தாவது பிரிவை அமெரிக்க செனட் அடித்துவிட்டது. 1851இல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம்: நிலம் உன்னுடையது என்று நீயே நிரூபி. வழக்கு முடியச் சராசரியாக 17 வருஷம். "இந்த ஆலமரத்திலிருந்து அந்த ஓடை வரை" என்று எழுதின மாதிரியான மெக்சிகோ மானியங்கள். வக்கீல் பீஸுக்கே நிலத்தை விற்றவர்கள் ஏராளம். கேஸ் ஜெயித்து நிலத்தை இழப்பது நமக்கும் புதிதில்லை.

வண்டிகளை வட்டமாக நிறுத்திச் சண்டை போடுவார்களே, அது நிஜமா?

வட்டமாக நிறுத்தியது நிஜம், பெரும்பாலும் ராத்திரியில் மாடுகள் ஓடிவிடாமல் இருக்க. ஓரிகன் பாதை மிசௌரியிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர், நான்கு முதல் ஆறு மாதப் பயணம். வண்டியை இழுத்தவை பெரும்பாலும் காளைகள். பாரம் கூடிவிடும் என்று ஆட்கள் பக்கத்திலேயே நடந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் காலராவிலும், ஆறு கடக்கும்போதும், தங்கள் துப்பாக்கி தாங்களே தவறுதலாக வெடித்தும் செத்தார்கள். 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகள் கொன்ற பயணிகள் நானூறுக்கும் குறைவு என்று ஒரு கணக்கு. பயணிகள் கொன்ற பூர்வகுடிகள் அதைவிடச் சற்று அதிகம். மற்றபடி ஆறு கடத்திவிடுவதும், வழிகாட்டுவதும், மீனுக்குத் துணி மாற்றுவதுமாகத்தான் பெரும்பாலான சந்திப்புகள் நடந்தன. இதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்ததால் யாருக்கு லாபம்?

தங்கம் கண்ணில் பட்டது 1848 ஜனவரி 24. மேலே சொன்ன ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஒன்பது நாள் முன்பு, மெக்சிகோவுக்குத் தெரியாது. சில வருஷங்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். தோண்டியவர்களைவிட அவர்களுக்கு மண்வெட்டியும் மாவும் விற்ற கடைக்காரர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். 1850இல் வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளிக்கு மாதம் 20 டாலர் வரி போட்டார்கள். அந்த ஊரிலேயே பிறந்த மெக்சிகோக்காரர்களிடமும் வசூலித்தார்கள்.

பெரிய நஷ்டம் அங்கிருந்த பூர்வகுடிகளுக்கு. 1848 வாக்கில் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்தவர்கள் 1870களில் சுமார் 30,000. நோயும் பசியும் ஒரு காரணம். இன்னொன்று, மாநிலமே பணம் கொடுத்து ஏவிய ஆயுதக் கூட்டங்கள். பூர்வகுடி ஒழியும்வரை இந்த அழிப்புப் போர் நடக்கும் என்று 1851இல் ஆளுநர் பீட்டர் பர்னெட் சட்டமன்றத்திலேயே சொன்னார். 1850இல் வந்த ஒரு சட்டம், பெயரில் "பாதுகாப்பு" என்று வைத்துக்கொண்டு, குழந்தைகளைக் கொத்தடிமையாகப் பிடித்துப்போக வழி செய்தது.

160 ஏக்கர் சும்மா கொடுத்தார்களாமே, நம்பவே முடியவில்லையே?

கொடுத்தார்கள். 1862 ஹோம்ஸ்டெட் சட்டம். 21 வயதானவர் அல்லது குடும்பத் தலைவர், குடிமகன் அல்லது குடிமகனாக விரும்புகிறவர், அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் எடுக்காதவர் மனுப் போடலாம். ஐந்து வருஷம் குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்தால் பட்டா. மொத்தக் கட்டணம் 18 டாலர். தனியாக இருந்த பெண்கள் தங்கள் பெயரிலேயே வாங்க முடிந்தது; அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். மொத்தம் சுமார் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர், நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

160 என்ற எண் ஏன் தெரியுமா? 1785இலேயே நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதில் 36 பிரிவு, ஒரு பிரிவு 640 ஏக்கர், அதில் கால்வாசி 160. அளந்தது 66 அடி கன்டர் சங்கிலியால். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிடித்ததும் அதே நூறு கண்ணிச் சங்கிலிதான். நம் சென்ட் என்பது ஆயிரம் சதுரக் கண்ணி, அதே கணக்கு. மகள் வீட்டுக்குப் போகும்போது விமானத்திலிருந்து பார்த்தேன், நெப்ராஸ்கா முழுக்க கிராஃப் தாள் மாதிரி. நம் ஊர் வரப்பு வாய்க்காலை ஒட்டி வளையும். அங்கே கோடு எதற்கும் வளையவில்லை.

கோட்டுக்கு வானமும் வளையவில்லை. நூறாவது தீர்க்கரேகைக்கு மேற்கே மழை குறைவு. 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது. உழுதால் மழை வரும் என்று விளம்பரம் செய்தார்கள். மரம் இல்லாததால் புல்தரையை வெட்டி எடுத்த மண்கட்டிகளால் வீடு கட்டினார்கள். கணிசமானவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த நிலம் அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது? புறம்போக்கா?

அரசாங்கம் அப்படித்தான் பேசியது. உண்மையில் ஒவ்வொரு சதுரத்துக்குப் பின்னாலும் ஓர் ஒப்பந்தமோ ஒரு வெளியேற்றமோ உண்டு. மினசோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். டகோட்டா மக்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு ஆண்டுத் தொகையை நம்பியிருந்தார்கள். 1862இல் தொகை தாமதமானது, வணிகர்கள் கடனுக்குச் சாப்பாடு தர மறுத்தார்கள், பசியில் போர் வெடித்தது, நூற்றுக்கணக்கான குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 26 அன்று மங்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் மிகப் பெரிய கூட்டுத் தூக்கு அது. ஆறாம் நாள், 1863 ஜனவரி 1, ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

1862இலேயே இன்னொரு சட்டம், மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து அந்த வருமானத்தில் கல்லூரி தொடங்கச் சொன்னது. நம் பிள்ளைகள் போய்ப் படிக்கிற பர்டூ, டெக்சஸ் ஏ அண்டு எம், கார்னெல் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. அதற்காகப் போன ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் பூர்வகுடிகளுடையதுதான். இந்தியாவின் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரியும் இந்தக் கல்லூரிகளே.

கறுப்பினத்தவர் மேற்கே போகவில்லையா? படங்களில் ஒருவரையும் காணோமே?

போனார்கள். கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று மதிப்பிடுகிறார்கள். இன்னும் பலர் மெக்சிகோ வம்சம். ரோடியோ, லாசோ என்ற சொற்களே ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. படமெடுத்தவர்கள்தான் இவர்களை விட்டுவிட்டார்கள்.

அடிமைமுறை இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பகுதியிலும் அடிமைமுறை உண்டா இல்லையா என்ற சண்டைதான் உள்நாட்டுப் போர் வரை போனது. 1854இல் "அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்யட்டும்" என்று விட்டார்கள். கான்சஸில் இரு தரப்பும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி வெட்டிக்கொண்டார்கள். போர் முடிந்து விடுதலை கிடைத்த பிறகு, தெற்கில் கொடுமை தாங்காமல் 1879இல் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் அதே கான்சஸுக்குக் கிளம்பின. அதற்கு முன்பே, 1877இல், கறுப்பினத்தவர் அங்கே அமைத்த நிக்கோடீமஸ் என்ற ஊர் இன்றும் இருக்கிறது.

1866இல் உருவான கறுப்பினக் குதிரைப்படைகள் இரண்டு, பூர்வகுடிகளை அடக்கப் பயன்பட்டன. நேற்றுவரை அடிமையாக இருந்தவன் இன்னொருவன் நிலத்தைப் பிடிக்கத் துப்பாக்கி தூக்குகிறான். அவனுக்கு அது மாதச் சம்பளமும் மரியாதையும். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று சபையில் ஒரு முறை முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. முடியவில்லை, டீ வந்துவிட்டது.

ரயில் பாதை போட்டது சீனர்கள் என்கிறார்களே?

மேற்கிலிருந்து வந்த பாதிப் பாதையை. கிழக்கிலிருந்து வந்த பாதியில் ஐரிஷ்காரர்களும் போர் முடிந்த சிப்பாய்களும் அதிகம். சென்ட்ரல் பசிபிக் கம்பெனியில் பத்தாயிரத்துக்கு மேல் சீனர்கள், உச்சத்தில் ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேர். சியரா நெவாடா மலையைப் பனிக்காலத்தில் குடைந்தார்கள். வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளம், சாப்பாடும் சொந்தச் செலவு. 1867 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தபோது கம்பெனி உணவு வண்டியை நிறுத்தி ஒரே வாரத்தில் முறித்தது. 1869 மே 10 அன்று யூட்டாவில் இரு பாதைகளும் சேர்ந்தன.

அப்புறம்? 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம். 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றார்கள். குடியுரிமை பெற முடியாததால் முன்னே சொன்ன 160 ஏக்கருக்கும் அவர்களால் மனுப் போட முடியவில்லை. தடை 1943 வரை நீடித்தது.

பைசன் மாடுகளைச் சுட்டுக் குவித்தது பூர்வகுடிகளைப் பட்டினி போடத்தானா?

பாதி சரி. சமவெளி மக்களுக்குப் பைசன்தான் சாப்பாடு, கூடாரம், போர்வை எல்லாம். அது அழிந்தால் எதிர்ப்பும் அழியும் என்று ராணுவ அதிகாரிகள் வெளிப்படையாகவே மகிழ்ந்தார்கள். 1874இல் காங்கிரஸ் நிறைவேற்றிய பாதுகாப்பு மசோதாவில் அதிபர் கிராண்ட் கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டார். ஆனால் சுட்டவர்களில் பெரும்பாலோர் தோல் வியாபாரத்துக்காகச் சுட்டவர்கள். 1870களின் தொடக்கத்தில் அந்தத் தோலைப் பதனிடும் வழி பிடிபட்டது. ஆலை இயந்திரங்களின் பெல்ட்டுக்கு அது தேவைப்பட்டது. தோலை உரித்துக்கொண்டு கறியை அப்படியே அழுகவிட்டார்கள். கோடிக்கணக்கில் இருந்த விலங்கு 1880களின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே.

எல்லாப் பூர்வகுடிகளும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் ஜெயித்திருக்கலாமே?

நம் பாளையக்காரர்களைப் பற்றியும் இதையே கேட்கிறோம். "நாமெல்லாம் ஒன்று" என்ற எண்ணம் அப்போது எல்லோருக்கும் ஏன் இருக்க வேண்டும்? குரோ மக்களுக்கு உடனடி எதிரி, அவர்கள் வேட்டை நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்த லகோட்டாக்கள். ஆகவே குரோ வீரர்கள் அமெரிக்கப் படைக்கு உளவு பார்த்தார்கள். அது அவர்கள் கணக்கில் புத்திசாலித்தனம். செரோக்கிப் பணக்காரர்கள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். கண்ணீர்ப் பாதையில் அந்த அடிமைகளும் நடந்தார்கள், யாருக்காகவும் இல்லை, இழுத்துப்போனதால். இதைச் சொன்னால் "அப்போ அவர்களும் மோசம்தானே" என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். நான் சொல்வது அதற்காக இல்லை. அவர்களும் அரசியல் செய்த மனிதர்கள் என்பதற்காக.

ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று சொல்கிறீர்களே, ஓர் உதாரணம் கொடுங்கள்.

1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம். தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலை உட்பட ஒரு பெரும் பரப்பு லகோட்டா முதலிய மக்களுக்கே. வயதுவந்த ஆண்களில் நாலில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் ஒழிய ஓர் அங்குலம் மாறாது. 1874இல் கஸ்டர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியின் படை மலைக்குள் போய்த் தங்கம் இருக்கிறது என்றது. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்னில் லகோட்டா, ஷையன், அரபாஹோ வீரர்கள் கஸ்டரையும் அவரோடு நின்ற படைப்பிரிவையும் அழித்தார்கள். 1877இல் காங்கிரஸ் மலையை எடுத்துக்கொண்டது, பத்தில் ஒருவர் கையெழுத்தோடு.

1980இல் உச்ச நீதிமன்றமே இது தவறு என்று ஒப்புக்கொண்டு பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மக்கள் வாங்கவில்லை. வாங்கினால் விற்றதாக ஆகிவிடும் அல்லவா? வட்டியோடு அது இப்போது நூறு கோடி டாலரைத் தாண்டிக் கணக்கில் கிடக்கிறது.

கூட்டு நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுத்தது நல்ல சீர்திருத்தம்தானே?

1887 டாஸ் சட்டத்தைச் சொல்கிறீர்கள். கொண்டுவந்தவர்களில் பலர் தங்களைப் பூர்வகுடிகளின் நண்பர்கள் என்று மனதார நம்பினார்கள். குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், தனி ஆளுக்கு 80. பங்கு போட்டது போக மிச்சம் "உபரி", அது குடியேறிகளுக்கு. சூட்சுமம் இந்த உபரியில்தான். 1887இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம் 1934இல் 4.8 கோடி. ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் இவ்வளவு. மிஞ்சியதும் வாரிசு வாரிசாகப் பிரிந்து, ஒரே துண்டுக்கு நூறு பங்குதாரர்கள் என்று கிடக்கிறது. கூட்டுப் பட்டாவில் கையெழுத்து வாங்க அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கும் இதே "நண்பர்கள்" வழி செய்தார்கள். 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் உறைவிடப் பள்ளி: முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டனை. இந்த மாதிரிப் பள்ளிகள் நாடெங்கும் 400க்கு மேல். அவற்றில் இறந்த குழந்தைகள் குறைந்தது 973 என்று 2024இல் அமெரிக்க உள்துறையின் அறிக்கை சொன்னது.

பெரும்பாலோர் நோயால் இறந்தவர்கள்தானே? இனப்படுகொலை என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?

நோய் பெரிய கொலையாளி, மறுக்கவில்லை. 1837இல் பெரியம்மை மாண்டான் மக்களை நூற்றுச் சொச்சம் பேராகக் குறைத்தது. ஆனால் ஊரை விட்டுத் துரத்தி, முகாமில் அடைத்து, பட்டினி போட்ட உடம்பில் நோய் வேகமாகத்தான் பிடிக்கும். இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் எழுத முடியாது.

எல்லா இடத்துக்கும் ஒரே சொல் பொருந்துமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கலிஃபோர்னியாவைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் இல்லை; தங்கம் பற்றிய பதிலில் ஆளுநர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். 2019இல் அந்த மாநிலத்தின் இன்னொரு ஆளுநர், கேவின் நியூசம், அதே சொல்லைப் பயன்படுத்தி மன்னிப்புக் கேட்டார். கொலராடோவின் சாண்ட் கிரீக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1864 நவம்பர் 29 அன்று, அமெரிக்கக் கொடியை ஏற்றிவைத்துக்கொண்டு சமாதானமாகத் தங்கியிருந்த ஷையன், அரபாஹோ மக்களில் சுமார் 230 பேரைப் படை கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

இதெல்லாம் எப்போது முடிந்தது?

பாடப்புத்தக விடை 1890. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடியேற்ற எல்லைக் கோடு என்று ஒன்று இனி இல்லை என்றது. டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீயில் 250க்கும் மேற்பட்ட லகோட்டாக்களைப் படை சுட்டுக் கொன்றது. ஆனால் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்தது 1924இல்தான். நான் 1890ஐ ஒரு கல் நட்ட தேதி என்று மட்டும் எடுத்துக்கொள்வேன்.

இன்றைக்கு அவர்களுக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா, எல்லாம் போய்விட்டதா?

கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பூர்வகுடி அரசுகள் 570க்கு மேல் உண்டு. நவாஹோக்களை 1864இல் நூற்றுக்கணக்கான மைல் நடத்தித் துரத்தினார்கள். 1868இல் பேச்சு நடத்தித் தங்கள் ஊருக்கே திரும்பிவந்தார்கள். இன்று இருப்பதிலேயே மிகப் பெரிய ஒதுக்கீட்டு நிலம் (பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய பகுதி) அவர்களுடையது.

பழைய ஒப்பந்தங்களும் செத்துவிடவில்லை. 2020இல் ஓக்லஹோமா வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. கண்ணீர்ப் பாதை வழியாகத் துரத்தப்பட்ட கிரீக் மக்களுக்கு 1830களில் கொடுத்த நிலம் இன்னும் ஒதுக்கீட்டு நிலம்தானா என்பது கேள்வி. அந்தப் பாதையின் கடைசியில் ஒரு வாக்குறுதி இருந்தது, காங்கிரஸ் அதை ரத்து செய்ததாக எங்கும் எழுதவில்லை, ஆகவே அது உயிரோடுதான் இருக்கிறது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. துல்சா நகரத்தின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் வருகிறது. வீட்டுப் பட்டாக்கள் மாறவில்லை; குற்ற வழக்குகளை யார் விசாரிப்பது என்பது மாறியது. 2022இல் இன்னொரு தீர்ப்பு அதிலும் கொஞ்சம் மாநிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. மாநிலத்துக்கும் பூர்வகுடி அரசுகளுக்கும் இடையே வழக்குகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.